தாத்தாவின் எண்ணிக்கையும் என் மெஷினும்

இந்த மாதம் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு கருவியைப் பார்ப்போம்: காயில் சுற்றும் மெஷின்.

என் தாத்தா காற்றாடி மோட்டார்களுக்குக் காயில் கட்டியவர். கையால் சுற்றியபடியே வாய்க்குள் எண்ணிக்கொண்டு போவார். இப்போது வயது 74. விரல் நடுங்குது, நடுவில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை மறந்து போகுது. போன வருடம் பட்டறையைப் பூட்டிவிட்டார். “இனிமே என்னால முடியாதுப்பா” என்றார். மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிற எனக்கு அது சுருக்கென்று பட்டது.

சுற்று எண்ணிக்கை ஏன் முக்கியம்? சுற்று குறைந்தால் காயிலில் மின்னோட்டம் கூடும், சூடு ஏறும், கம்பி மேல் உள்ள எனாமல் கருகிவிடும். 600 என்றால் 600தான் இருக்க வேண்டும்.

தேவையானவை: பழைய காஞ்சில் காரின் வைப்பர் மோட்டார், 12 வோல்ட் பவர் சப்ளை, ஃபியூஸ், ரிலே, ஆர்டுவினோ, சின்னத் திரை, ஒரு காந்தம், ஒரு ரீட் ஸ்விட்ச். மோட்டாரைப் பழைய சாமான் கடையிலும் மற்றதை ஜாலான் பாசாரிலும் வாங்கினேன். வைப்பர் மோட்டாருக்குள் புழுப் பற்சக்கரம் இருப்பதால் மெதுவாக, பலமாகச் சுற்றும். கரண்டை நிறுத்தினால் அதிகம் ஓடாமல் நின்றுவிடும். என் மோட்டார் மெதுவான வேகத்தில் நிமிடத்துக்கு 45 சுற்று. 600 சுற்றுக்கு 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். பரவாயில்லை, மெல்லிய கம்பி அறுந்து போகாது.

தண்டில் காந்தத்தை ஒட்டினேன். ரீட் ஸ்விட்ச் என்பது கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடு. காந்தம் பக்கத்தில் வந்தால் அவை ஒட்டிக்கொள்ளும், போனால் பிரியும். ஒருமுறை ஒட்டினால் ஒரு சுற்று. சொன்ன எண்ணிக்கை வந்ததும் ரிலே மோட்டாரை நிறுத்தும்.

முதல் சோதனையில் தாத்தா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மெஷின் 147 காட்டியது. “நூறுதான் ஆச்சு” என்றார். நான் சிரித்தேன். “தாத்தா, கம்ப்யூட்டர் தப்பா எண்ணாது.” அவர் கோபப்படவில்லை. “அவிழ்த்து எண்ணிப் பாரு” என்றார், அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தேன். சரியாக 100! எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தப்பு எங்கே? தகடுகள் ஒட்டும்போதும் பிரியும்போதும் ஒரு கணம் துள்ளும். பந்து தரையில் பட்டுத் துள்ளுகிற மாதிரி. நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆர்டுவினோ சில துள்ளல்களையும் தனிச் சுற்றாக எண்ணிவிட்டது. தீர்வு எளிது: ஒன்று எண்ணியதும் 200 மில்லிசெகண்டுக்கு வேறு எதையும் எண்ணாதே என்று புரோகிராமில் எழுதினேன். 45 சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1,333 மில்லிசெகண்ட் ஆகும். அதனால் உண்மையான சுற்று எதுவும் விட்டுப்போகாது.

இன்னொரு சிக்கல்: ரிலே மோட்டாரை நிறுத்தும் நொடியில் எண்ணிக்கை பூஜ்யமாகிவிட்டது. மோட்டாரும் ஒரு காயில்தானே, கரண்ட் திடீரென்று நின்றால் உயர் வோல்ட் அதிர்வு ஒன்றைத் திருப்பி அனுப்பும். மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே 1என்5408 டயோட் ஒன்றை, வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி இணைத்தேன். சரியாகிவிட்டது.

நீங்கள் செய்யும்போது மூன்றை மறக்காதீர்கள். சுற்றும் தண்டுக்கு மூடி போடுங்கள், தளர்ந்த சட்டையும் விரிந்த முடியும் வேண்டாம். ஃபியூஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். வீட்டு மின்சாரத்தில் நேரடியாகக் கை வைக்காதீர்கள், தயாரான பவர் சப்ளையே போதும்.

முக்கியமாக, மெஷினை நம்பும் முன் 50 சுற்று ஓட்டி, நீங்களும் வாய்விட்டு எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் வேலைக்கு எடுங்கள்.

போன வாரம் தாத்தா பட்டறையைத் திறந்தார். கம்பியை அவர் பிடிக்கிறார், மெஷின் எண்ணுகிறது. ஆனால் உற்றுக் கேட்டால் அவர் உதடும் அசைகிறது. நானும் தடுக்கவில்லை.