காட்டுக்குள் கிடக்கும் சாலை

மாணவர்களே! விடுமுறையில் மட்டாஞ்சேரியிலிருந்து தேனிக்கோ மதுரைக்கோ செல்வோர் கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி, மூணாறு வழியாக மலையேறிப் போடிநாயக்கனூரில் இறங்குவர். உங்களுள் சிலர் அவ்வழியே சென்றிருப்பீர்கள். அச்சாலைக்கு முன்னரே மூணாற்றுக்கு வேறொரு சாலை இருந்தது. அதன் நடுப்பகுதி இன்று அடர்காட்டுக்குள் கிடக்கிறது.

பழைய ஆலுவா–மூணாறு சாலை கோதமங்கலத்தைக் கடந்தபின் தட்டேக்காடு, குட்டம்புழை, பூயம்குட்டி, மாங்குளம் ஆகிய ஊர்கள் வழியாகச் சென்றது. செங்குத்தாக ஏறாமல், மலைச்சரிவை ஒட்டி மெல்ல உயர்ந்தது.

1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மலைநாட்டில் இடைவிடாது பெருமழை பெய்தது. அது கொல்லம் ஆண்டு 1099. ஆதலால் கேரள முதியோர் அதனைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்றே கூறுவர். கரிந்திரி மலை சரிந்து சாலையை விழுங்கியது. மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஓடிய சிறிய இரயில்பாதையும் அழிந்தது. இரண்டும் மீண்டும் அமைக்கப்படவில்லை. நேரியமங்கலம் வழியே புதிய சாலை வந்தது. அங்குள்ள பெரியாற்றுப் பாலம் 1935இல் திறக்கப்பட்டது. பழைய சாலையை மக்கள் கைவிட்டனர்.

அந்த வெள்ளம் இறங்கிய பெரியாறு நமக்குப் புதிதன்று. 1341ஆம் ஆண்டு இதே ஆற்றில் பெருகிய வெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்பர். ஒரு வெள்ளம் நம் ஊருக்குத் துறையைத் தந்தது. மற்றொன்று மலைக்குச் செல்லும் வழியைக் கொண்டுபோயிற்று.

இன்று பூயம்குட்டி வரை பேருந்து செல்லும். அதற்கப்பால் வனத்துறையின் இசைவின்றி நுழைதல் கூடாது. கைவிட்ட சாலையை எவ்வாறு அறிவது? ஒருபுறம் மலை சுவர்போல் வெட்டுண்டிருக்கும்; மறுபுறம் நிலம் சரிந்திறங்கும்; இடையே ஒரு வண்டி அகலத்துக்குத் தரை சமமாக நீளும். அதன்மேல் மரங்கள் வளர்ந்திருக்கலாம். நீரோடை குறுக்கிடும் இடத்தில் பாசி படிந்த கற்கட்டு தென்பட்டால் ஐயமே வேண்டா. யானைச் சாணமும் கிடக்கும். யானையும் நம்மைப் போலவே ஏற்றம் குறைந்த வழியையே நாடும்.

இதனாலேயே ஒரு வழக்கு எழுந்துள்ளது. பழைய சாலையைத் திறக்க வேண்டும் என்று அப்பகுதி மக்கள் நெடுங்காலமாகக் கேட்கின்றனர். குட்டம்புழைக் காட்டில் முதுவர் முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். தம் முன்னோர் மதுரையிலிருந்து முதுகில் சுமையோடு வந்ததாக முதுவர் கூறுவர். இக்காட்டுக் குடிகள் சிலவற்றில் நோயாளியை இன்றும் தோளில் சுமந்தே வெளியே கொணர்கின்றனர். அவர்கள் வழி கேட்பதை யார் குறைகூற இயலும்? வனத்துறையோ, அது யானைகளின் வாழிடம் என்கிறது. அதுவும் உண்மையே. அன்று சரிந்த மலைச்சரிவில்தான் மீண்டும் சாலை இட வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பயிற்சி

1. 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. பழைய சாலையைத் திறக்கலாமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. உம் குடும்பத்தார் முதன்முதலில் எவ்வழியே கொச்சிக்கு வந்தனர்? வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.