ஊற்றும் முன் வடிவதைப் பார்

அன்புள்ள தம்பி,

பெரம்பூரில் சொந்தமாக மெக்கானிக் செட்டு போட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். எஞ்சின் வேலையில் உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. டிஃப்ரன்ஷியல் பற்றி மட்டும் சில வார்த்தைகள். வண்டிக்காரர் கண்ணில் படாத இடம் அது. சத்தம் வரும்வரை யாரும் அதை நினைப்பதில்லை.

முதலில் வண்டி எதுவென்று பார். மாருதி 800, ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் போன்றவற்றில் முன்சக்கரம்தான் இழுக்கிறது. டிஃப்ரன்ஷியல் கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருக்கிறது, ஆயிலும் ஒன்றே. அதற்குத் தனியாக பில் போடாதே. அம்பாசடர், ஆம்னி, பொலேரோ, குட்டி யானை இவற்றுக்குத்தான் பின்னால் தனி ஹவுசிங்.

அந்த ஹவுசிங்குக்குள் பினியன், கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி அமர்ந்திருக்கும். அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஜிஎல்-5 ஆயில்தான் சூட்டில் பல்மேல் மெல்லிய படிவாகி உலோகத்தைக் காக்கும். அதே மருந்து சில கியர்பாக்ஸ்களின் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும்; ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் மிச்சத்தை ஊற்றிவிடாதே.

ஆயில் டின்னில் 90 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். கியர் ஆயிலுக்கு அளவுகோல் வேறு. அது 40, 50 நம்பர் எஞ்சின் ஆயில் அளவுக்குத்தான் கெட்டி. நம் வெயிலுக்குப் பெரும்பாலும் 80டபிள்யூ-90 போதும். ஓயாமல் லோடு அடிக்கும் வண்டிக்குக் கம்பெனி புத்தகம் சொன்னால் 85டபிள்யூ-140 ஊற்று.

ஆயில் மாற்றும்போது வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்து. முதலில் மேலே உள்ள ஃபில்லர் நட்டைக் கழற்று. அது இறுகிக்கொண்டு வராமல் போனால், வடித்த பிறகு ஊற்ற வழியில்லாமல் வண்டி செட்டிலேயே கிடக்கும்.

டிரெயின் நட்டில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டியதை விரலில் தேய்த்துப் பார். மை போல வழுவழுப்பான சாம்பல் பசை என்றால் வழக்கமான தேய்மானம். விரலில் துகள் குத்தினால் கியர் பல் உடைகிறது. புது ஆயில் அதைக் குணப்படுத்தாது என்று வண்டிக்காரரிடம் அப்போதே சொல்.

உன் ஏரியாவில் இன்னொன்று முக்கியம். மழைக்காலத்தில் கணேசபுரம், வியாசர்பாடி சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கும். ஓடிச் சூடான ஹவுசிங் அதில் மூழ்கிச் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் தளர்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் நிறமானால் தண்ணீர் கலந்துவிட்டது. கலங்காமல் இருந்தாலும் நம்பாதே. இரவு முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிரெயின் நட்டைச் சற்றே தளர்த்து, முதலில் வரும் சொட்டுகள் சொல்லிவிடும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் வண்டியை அனுப்பாதே.

டிரெயின் நட்டைப் புது வாஷரோடு மாட்டி, ஃபில்லர் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்று. அதற்கு மேல் வேண்டாம். அதிகமானால் ஆயில் சீலைத் தாண்டி பிரேக் ஷூவை நனைக்கும். அப்புறம் பிரேக் பிடிக்காது.

வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதே. அது ஓட்டேரி நல்லா ஓடை வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்து, மீனவர்களின் படகையும் வலையையும் பாழாக்கியது. பழைய ஆயிலை டின்னில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் மட்டும் கொடு.

மழை விட்டதும் லோடு வண்டிகள் வேறு வேலைக்காக உன்னிடம் வரும். வண்டிக்காரர்கள் கேட்காவிட்டாலும் அடியில் படுத்து டிரெயின் நட்டைத் தளர்த்திப் பார். பார்ப்பதற்குக் காசு வாங்காதே. ஒரு கிரவுன் பினியன் போனால், அன்றாடம் ஓட்டிப் பிழைப்பவருக்குப் பல நாள் வருமானம் போகும்.

அன்புடன்,
உன் அண்ணன்