திருவாசகமும் மேனாட்டு இசையும்

செய்யுளுக்கு ஓசை உயிர் என்பது யாப்பிலக்கணம் பயின்றார் அனைவரும் அறிந்ததே. சொற்பொருள் விளங்குமுன்னரே ஓசை நெஞ்சிற் புகுந்து பொருளுக்கு வழி செய்கின்றது. ஆதலின், பழம்பாட்டொன்றைப் புதிய இசையில் அமைக்கப் புகுவார் முதற்கண் நோக்கவேண்டுவது அப்பாட்டின் இயல்பான நடையையே. ஓசையைப் போற்றிப் புதுமை செய்தார்க்கு நம் பொருநை நாட்டிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு.

காயற்பட்டினத்துக் காசிம் புலவர், அருணகிரிநாதர் கையாண்ட சந்தங்களை மேற்கொண்டு, நபிகள் நாயகத்தின்மீது திருப்புகழ் பாடினார். சந்தப் பாட்டிலே குறிலும் நெடிலும், வல்லொற்றும் மெல்லொற்றும் வகுத்த முறை பிறழாது அடிதோறும் வருதல் வேண்டும். ஓரிடம் வழுவினும் தாளம் முறியும். இத்துணைக் கட்டுப்பாட்டினுள் அரபு நாட்டுப் பெயர்களையும் செய்திகளையும் அமைத்தல் எளிதன்று. பொருளும் சமயமும் வேறாயினும், அப்பாட்டுக்கள் தமிழ்ச் செவிக்கு அயலாகத் தோன்றவில்லை. புதிய பொருள் பழைய ஓசைக்கு அடங்கி நின்றமையே அதற்குக் காரணம்.

நிற்க. காசிம் புலவர் பழைய ஓசைக்குப் புதுச்சொல் தந்தார். பழைய சொல்லுக்குப் புதிய இசை தந்தவர் இளையராஜா. அவர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட திருவாசக இசைத்தட்டை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அவர்தம் தகுதியைப் பற்றி ஐயமில்லை. 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக அறிமுகமான அவர், நாட்டுப்பாடல், கருநாடக இசை, மேனாட்டு இசை என்னும் மூன்றையும் ஒருங்கே ஆண்டவர். 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கணிப்பொறி வழிப் பிறந்த ஒலிகளையும் கையாண்டார். ஆங்கே எந்திரம் மெட்டுக்கு ஏவல் செய்தமையால் அதனை யாரும் அயலாகக் கருதிலர். அத்தகையார் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் பல்லியக் குழுவினரைக் கொண்டு மாணிக்கவாசகர் வாக்கை இசைக்கின்றார் என்றபோது, தமிழுலகம் பெரிதும் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

முதற்கண் பெயரை நோக்குவோம். இதனைச் ‘சிம்பொனி’ என்று வழங்கினர். சிம்பொனி என்பது பெரும்பாலும் பல பகுதிகளாக அமைந்த கருவியிசை. சமயப் பொருளைப் பாடகரும் பாடற்குழுவும் பல்லியமும் சேர்ந்து, நடிப்பின்றி இசைப்பது ‘ஒரட்டோரியோ’ எனப்படும். ஹாண்டல் இயற்றி 1742இல் டப்ளினில் முதன்முதல் அரங்கேறிய ‘மெசையா’ அவ்வகையினது, இத்திருவாசகமும் அவ்வகையினதே. பொருந்தாப் பெயர் பொருந்தா எதிர்பார்ப்பை விளைத்தது.

இனி, உள்ளீட்டை ஆராய்வோம். 51 பகுதிகளையுடைய நூலினின்று ஆறு பாடல்களே இதில் இடம்பெற்றன. அவற்றுள் திருப்பொற்சுண்ணம் சிறந்தது என்பது எமது கருத்து. மகளிர் சுண்ணம் இடிக்குங்கால் பாடும் பாட்டாதலின், உலக்கையின் எழுச்சியும் வீழ்ச்சியும் அதன் சொற்களிலேயே உள்ளன. இசை அத்தாளத்தைப் பின்பற்றிச் செல்ல, பல்லியம் துணையாகின்றது.

சிவபுராணப் பகுதியோ எம்மை ஏமாற்றத்துக்கு உள்ளாக்கிற்று. 95 அடிகளையுடைய அக்கலிவெண்பா, ஆறுபோல் இடையறாது ஓடுவது. ஓரடியின் உருக்கம் அடுத்த அடியை இழுத்துச் செல்லும். இசைத்தட்டோ பாட்டின் இடையிலிருந்து தொடங்குகின்றது. ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில அடிகளும் ஊடே புகுகின்றன. பிறநாட்டார்க்குப் பொருள் விளக்கும் நோக்கம் நன்றே. ஆயினும், தனித்து நின்று இறைவனிடம் அழும் ஒருவன் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்பதுபோல் உளது. பல்லியம் பேரொலியாய் எழுமிடங்களில் நாம் வியக்கின்றோம், உருகுகின்றோமில்லை. உருக்கத்துக்கே பெயர்பெற்ற நூலுக்கு இது சிறு குறையன்று.

பிறமொழியாரும் திருவாசகத்தில் தோயலாம் என்பதற்கு ஜி. யு. போப் சான்று. நம் மருங்கில் உள்ள சாயர்புரத்தில் கல்விப்பணி ஆற்றிய அப்பெரியார், 1900இல், தமது எண்பதாம் அகவையில், நூல் முழுவதையும் ஆங்கிலமாக்கி வெளியிட்டார். அவர் மூலத்தை ஒருபுறமும் மொழிபெயர்ப்பை மறுபுறமும் வைத்தார்; ஒன்றன் ஓட்டத்தை மற்றொன்று தடுக்கவில்லை.

இளையராஜாவின் சிம்பொனி ஒன்று 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் இலண்டனில் அரங்கேறியது. கருவியிசையில் அவர்க்குச் சொல்லின் தளை இல்லை. திருவாசகத்திலோ அத்தளையே அழகு.

ஆன்றோர் செய்தது என்பதற்காகக் குறையை மறைத்தல் அவர்க்குச் செய்யும் மதிப்பாகாது. பல்லாயிரம் பாடல்களால் நம் செவியைப் பண்படுத்தியவர் அவரே. அச்செவி கொண்டே அவர் நூலையும் அளக்கின்றோம். நண்பர்காள்! சிவபுராணத்தை முதலில் ஒருமுறை வாய்விட்டு ஓதுமின். பின்னர் இசைத்தட்டைக் கேண்மின். எங்கே இரண்டும் கூடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை நும் செவியே உணர்த்தும்.