பொருநைக் கழிமுகத்துத் துறைமுகங்கள்

கொற்கை எங்கே உள்ளது என்று நம் மாணவரிடம் வினவினால், ‘கடல் கொண்டுவிட்டது’ என்றே பலரும் விடையிறுப்பர். கடல்கோள் செய்திகளை மிகுதியாகப் பயின்றதன் விளைவு இது. உண்மையில் கொற்கையைக் கடல் கொள்ளவில்லை; கடல்தான் கொற்கையை விட்டு நீங்கிற்று. இன்று அவ்வூர் கடற்கரைக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் இடையே சிற்றூராகக் கிடக்கின்றது.

இதற்குக் காரணம் ஆறே. பொதிகையில் தோன்றி விரைந்து வரும் பொருநை, கழிமுகத்தை அண்மியதும் நிலம் சமமாதலின் விசை குன்றித் தான் சுமந்து வந்த வண்டலை அங்கேயே இறக்குகின்றது. வண்டல் படியப்படியத் துறையின் ஆழம் குறையும். கரை கிழக்கே நகரும். கலங்களும் வணிகரும் அதனைத் தொடர்வர். கொற்கைப் பகுதியில் மண்ணைத் தோண்டியபோது கடற்சிப்பிகள் கிடைத்தமையைக் கால்டுவெல் குறித்துள்ளார்.

கிரேக்கர் ‘கொல்கி’ என வழங்கியது இக்கொற்கையையே. அங்கு முத்துக் குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று பெரிப்ளூஸ் கூறுகின்றது. முத்தின் ஒளியை மட்டுமே வியக்கும் நாம் இதனையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

கொற்கை தூர்ந்தபின் ஏற்றம் பெற்றது காயல். கடலையொட்டிய உப்பங்கழியே காயலாகும். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்னும் ஊர்ப்பெயர்களே நில வரலாற்றை உரைக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஓர்மசு, ஏடன் முதலிய இடங்களினின்று குதிரைகளை ஏற்றிய கலங்கள் காயலை அடைந்தமையைக் கூறுகின்றார். பாண்டியரின் துறைமுகப் பொறுப்பை ஏற்றிருந்த தகியுத்தீன் அப்துர் ரகுமானைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிப்பிடுகின்றார். பாண்டியரின் குதிரைப்படை, இவ்வணிகம் இன்றேல் ஏது?

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் புன்னைக்காயலில் நிலைகொண்டனர். பின்னர்த் துறை ஆற்றையே கைவிட்டது. கழிமுகத்துக்கு வடக்கே, தீவுகளின் மறைவில் அமைந்த தூத்துக்குடி முதன்மை பெற்றது. அங்கு எழுந்த புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாயிற்று.

மார்க்கோ போலோ கண்ட காயல் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சீனப் பீங்கான் ஓடுகளையும் அரபு மட்கலச் சில்லுகளையும் சான்றாகக் காட்டிப் பழையகாயலே என்றார் கால்டுவெல். காயல்பட்டினமே என்பாரும் உளர். ஓடுகளின் சான்று வலிமையுடையதே எனினும், காயல்பட்டினத்துப் பழைய மீசான் கற்களின் அரபு எழுத்துகளையும் படித்து ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறல் பொருந்தும். தமிழும் அரபியும் அறிந்த நம் ஆய்வு மாணவர்க்கு இப்பணி பேருந்துத் தொலைவிலேயே காத்திருக்கின்றது.