"கேஸ் ஆயிடுமா டீச்சர்?"
போதைப் பழக்கத்தில் சிக்கிய மாணவரும் சட்டம் காட்டும் வழியும்

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று வாரங்களாகப் பள்ளிக்கு வரவில்லை. பல்லாவரத்தில் இருந்த அவன் வீட்டுக்குச் சென்றேன். "காய்ச்சல்" என்றே அவன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நான் கிளம்பியபோது வாசல் வரை வந்து, "கஞ்சா பழக்கம் ஆயிடுச்சு டீச்சர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமா?" என்று மெல்லக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகக் கூறி வந்துவிட்டேன். விடையோடு மறுபடி சென்றபோது வீடு பூட்டியிருந்தது. குடும்பம் இடம் மாறிவிட்டது. அன்று சொல்ல முடியாததை இன்று ஆசிரிய நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

நம் நாட்டுச் சட்டம்

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985இல் வந்தது. அதன் 27ஆம் பிரிவின்படி போதைப்பொருளைப் பயன்படுத்துவதே குற்றம். ஹெராயின், கொகைன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரையும், மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரையும் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவும் உண்டு. பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளான அடிமைநிலை நோயாளி, தாமே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால், அவர்மீது வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையை முடிக்காவிட்டால் இந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம்.

18 வயது நிரம்பாதவர்களுக்கு இளைஞர் நீதிச் சட்டம், 2015 பொருந்தும். போதைப் பழக்கத்துக்கு இழுக்கப்படும் ஆபத்தில் உள்ள குழந்தையை அது 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்றே கூறுகிறது. குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு 77ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

எனவே அந்தத் தாய்க்கு உரிய விடை இதுதான்: "சிகிச்சைக்குப் போவது குற்றமில்லை அம்மா. பயப்படாமல் கூட்டிச் செல்லுங்கள்."

இரு நாடுகளின் அனுபவம்

போர்ச்சுகல் 2001 ஜூலையில் ஒரு படி மேலே சென்றது. பத்து நாள் தேவைக்கு மிகாத போதைப்பொருளைச் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பதைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலக்கியது. தடை நீங்கவில்லை, விற்பனை இன்றும் குற்றமே. பிடிபட்டவர் மூவர் கொண்ட குழுவின் முன் வருவார். அவருக்கு நோய் இருந்தால் குழு சிகிச்சைக்கு வழிகாட்டும். அத்துடன் சிகிச்சை வசதிகளும் பெருகின. சிகிச்சைக்கு வந்தோர் எண்ணிக்கை உயர்ந்தது. ஊசி மூலம் போதை ஏற்றுவோரிடையே புதிய எச்.ஐ.வி. தொற்று வெகுவாகக் குறைந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமும் 2021 பிப்ரவரியில் இதே வழியில் இறங்கியது. தண்டனை உடனே நீங்கியது. சிகிச்சை மையங்களுக்கான நிதியோ தாமதமாகவே சென்று சேர்ந்தது. மக்களிடம் அதிருப்தி வளர்ந்தது. 2024 செப்டம்பரில் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. அச்சத்தை நீக்கினால் மட்டும் போதாது; சிகிச்சையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

• மாணவரை வகுப்பின் முன் நிறுத்தி விசாரிக்கவோ பையைக் கொட்டிச் சோதிக்கவோ வேண்டாம். தனியே அமர்ந்து பேசுவோம்.

• தலைமையாசிரியருக்குத் தெரிவித்துப் பெற்றோரை அழைப்போம். போதை மீட்பு உதவி எண் 14446, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகிய இரண்டையும் எழுதிக் கொடுப்போம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டுவோம். சென்னையில் 1980 முதல் இப்பணியைச் செய்துவரும் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை போன்ற அமைப்புகளும் உள்ளன.

• விற்பவர் பற்றிய தகவல் கிடைத்தால் தலைமையாசிரியர் வழியாகக் காவல்துறைக்குத் தெரிவிப்போம். தகவல் சொன்ன மாணவர் பெயர் வெளிவராமல் காப்போம்.

• சிகிச்சை பெற்றுவரும் மாணவர் மறுபடியும் தடுமாறலாம். இந்நோயில் அது இயல்பு. மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால், அவர் சேர எஞ்சியிருப்பது விற்பவரின் கூட்டம்தான்.

அந்த மாணவனின் பெயரை நெடுநாள் என் வருகைப் பதிவேட்டில் அடிக்காமல் வைத்திருந்தேன். அடுத்த தாய் இதே கேள்வியைக் கேட்கும்போது, நம்மில் யாரும் "விசாரித்துச் சொல்கிறேன்" என்று திரும்பிவிட வேண்டாம்.