டிரஸ்டி பொறுப்பு தோளில் விழுந்தால்...

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, ஓர் அன்பர் என்னைத் தனியே அழைத்தார். "மாமனார் ஒரு குடும்ப டிரஸ்ட் வைத்திருந்தார். அவர் காலமாகிவிட்டார். இனி நீங்கள்தான் டிரஸ்டி என்று என்னிடம் ஒரு கட்டுப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டார்கள். எந்த வக்கீலிடம் போவது, என்னவென்று கேட்பது, ஒன்றும் புரியவில்லை" என்றார். நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. "நம் இதழில் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்" என்று சொல்லி அனுப்பினேன்.

நான் சட்டம் படித்தவன் அல்லன். மும்பையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இங்கே எழுதுவது, அடிபட்டும் கேட்டும் தெரிந்துகொண்டவை. இதைப் படித்துவிட்டு வக்கீலே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. வக்கீலிடம் போகும்போது சரியான கேள்வியோடு போக வேண்டும் என்பதே என் நோக்கம்.

எங்கள் வீட்டுக் கதை

என் பெரியப்பாவுக்கு ஒரே மகள். எனக்கு அக்கா. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நடக்க முடியாது, பேச்சு குழறும். தமக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்ற கவலையில், பெரியப்பா 1994-ல் ஒரு டிரஸ்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார். செம்பூரில் உள்ள ஒரு ஃப்ளாட்டும் வங்கி டெபாசிட்டுகளும் டிரஸ்டின் சொத்து. அக்கா இருக்கும்வரை வருமானமும், தேவைப்பட்டால் முதலும் அவளுக்கு. அவளுக்குப் பின் மிச்சம் தம்பிமார்களின் பிள்ளைகளுக்கு. பெரியப்பாவும் என் சித்தப்பாவும் டிரஸ்டிகள்.

பெரியப்பா 2006-ல் போனார். சித்தப்பா ஒருவராகவே நடத்தினார். அவரும் 2019-ல் போய்விட்டார். அடுத்தது யார் என்று பத்திரத்தில் பெயர் இல்லை. பெரியம்மாவும் இல்லாத நிலையில் அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஆகவே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் செய்த முதல் தவறு, டிரஸ்ட் என்றாலே சாரிட்டி கமிஷனர் அலுவலகம் என்று நினைத்து அங்கே போய் அரைநாள் நின்றது. மகாராஷ்டிரத்தில் அந்த அலுவலகம் 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது டிரஸ்டுகளுக்கு உரியது. கோயில், பள்ளி, தரும ஸ்தாபனம் போன்றவை அதில் சேரும். ஒரு குடும்பத்தின் குறிப்பிட்ட நபர்களுக்காக ஏற்படுத்தியது தனியார் டிரஸ்ட். அதற்கு 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம். ஆகவே உங்கள் பத்திரம் எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் படி.

இரண்டாவது தவறு இதைவிட மோசம். ஃப்ளாட் வாடகையை மூன்று மாதம் என் சொந்தக் கணக்கில் வாங்கிப் போட்டு, அதிலிருந்தே அக்காவின் மருந்துச் செலவையும் செய்தேன். ஒரு பைசா எடுக்கவில்லைதான். ஆனாலும் வக்கீல் அம்மையார் இதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சார், நீங்கள் நல்லவர் என்பதற்குக் கணக்கில் வரி கிடையாது" என்றார். டிரஸ்ட் பணமும் சொந்தப் பணமும் ஒரு நாள்கூடக் கலக்கக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

யார் நியமிக்க வேண்டும்?

குடும்பம் கூடி "நீ பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டால் ஒருவர் டிரஸ்டி ஆகிவிட முடியாது. சட்டத்தின் 73-ஆம் பிரிவு வரிசை சொல்கிறது. நியமிக்கும் அதிகாரம் இன்னாருக்கு என்று பத்திரத்திலேயே இருந்தால் அவர் நியமிக்க வேண்டும். இல்லையென்றால் டிரஸ்டை ஏற்படுத்தியவர் உயிரோடிருந்தால் அவர். அல்லது எஞ்சியுள்ள டிரஸ்டி. அவரும் போய்விட்டால் கடைசி டிரஸ்டியின் சட்டப்படியான வாரிசு. நியமனம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். இந்த வழி எதுவும் நடக்காவிட்டால் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அது 74-ஆம் பிரிவு.

எங்கள் விஷயத்தில் கடைசி டிரஸ்டி சித்தப்பா. அவருடைய ஒரே வாரிசு புணேயில் இருக்கும் அவர் மகன், எனக்குத் தம்பி. அவன் எழுத்து மூலம் என்னை நியமித்தான். புதிய நியமனத்தின்போது டிரஸ்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. வக்கீல் யோசனைப்படி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு குடும்ப நண்பரையும் சேர்த்து நியமித்தான். பின்னால் அந்த இரண்டாவது கையெழுத்துதான் எங்களைக் காப்பாற்றியது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டிரஸ்டியாக இருக்க யாரும் கட்டுப்பட்டவர் அல்லர். வேண்டாம் என்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். ஆனால் சொல்லாலோ செயலாலோ ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு நினைத்தபோது உதறிவிட்டுப் போக முடியாது. நீதிமன்ற அனுமதியோ, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள பயனாளிகளின் சம்மதமோ, பத்திரத்தில் அதற்கான அதிகாரமோ வேண்டும். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வக்கீலிடம் போங்கள்.

முன்னவர் செய்ததற்கு நாம் பொறுப்பா?

நியமனம் முடிந்து பழைய கணக்குகளைப் புரட்டியபோது வயிற்றைக் கலக்கியது. 2014-ல் ஒரு டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே உடைத்து மூன்று லட்சம் ரூபாய் எடுத்திருந்தார் சித்தப்பா. அதன் பக்கத்தில் ஒரு கைச்சீட்டு. வாங்கியவன் யார் என்கிறீர்கள்? என்னை நியமித்த அதே தம்பி. கடை வைக்க அப்பா கொடுத்த பணம். திரும்பி வரவே இல்லை.

சட்டத்தின் 25-ஆம் பிரிவு எனக்கு முதலில் ஆறுதல் தந்தது. முன்பிருந்த டிரஸ்டியின் தவறுக்கு, பின்னால் வந்தவர் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் பொறுப்பாக மாட்டார். "அப்படியானால் இதை விட்டுவிடலாமே" என்றேன். அம்மையார் 12-ஆம் பிரிவைக் காட்டினார். புதிய டிரஸ்டி எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் சொத்தின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். போதிய ஈடில்லாமல் சிக்கியிருக்கும் பணத்தை மீட்க வேண்டும். "கொடுத்தது உங்கள் சித்தப்பாவின் தவறு. தெரிந்தும் கேட்காமல் இருந்தால் அது உங்கள் தவறு" என்றார்.

ஐந்து வருஷம் ஆகிவிட்டதே, காலாவதி ஆகியிருக்காதா என்றும் கேட்டேன். சாதாரணக் கடனாக மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி வரும். ஆனால் 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக டிரஸ்டியிடம் ஒப்படைத்த சொத்தை அவரிடமிருந்தோ அவருடைய வாரிசிடமிருந்தோ மீட்கவும், அதற்குக் கணக்குக் கேட்கவும் தொடரும் வழக்குக்குக் காலவரம்பு இல்லை. தம்பி கடன் வாங்கியவன் மட்டும் அல்லன், டிரஸ்டியின் வாரிசும்கூட. வக்கீல் இல்லாமல் இது எனக்குத் தெரிந்திருக்கவே முடியாது.

அன்றே அம்மையார் இன்னொன்றும் சொன்னார். "நான் டிரஸ்டுக்கு வக்கீல். உங்கள் தம்பிக்கு யோசனை வேண்டுமென்றால் அவர் வேறு வக்கீலைப் பார்க்கட்டும்." குடும்ப வக்கீல் ஒருவரே எல்லோருக்கும் பேசுவது நம் வழக்கம். பணம் வாங்கியவரும் கேட்பவரும் ஒரே வக்கீலிடம் உட்காரக் கூடாது.

"அவங்களைக் கேட்டீங்களா?"

இத்தனை பேச்சுக்கும் நடுவில் அம்மையார் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "உங்கள் அக்காவைக் கேட்டீங்களா?"

அக்காவுக்கு உடம்புதான் ஒத்துழைக்காது. அறிவில் ஒரு குறையும் இல்லை. நாள்தோறும் செய்தித்தாள் படிப்பாள். ஆனாலும் இருபத்தைந்து ஆண்டுகளாக அவளுடைய பணத்தைப் பற்றி அவள் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தோம். பத்திரத்தையும் கணக்கையும் பார்க்கவும் நகல் எடுக்கவும் பயனாளிக்கு உரிமை உண்டு என்று 57-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பத்திரத்தை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அன்று மாலை கணக்கு நோட்டை அவள் மடியில் வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். மூன்று லட்சம் என்ற இடத்தில் விரல் நின்றது. வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குழறியபடி, "தம்பி குடுக்கட்டும். வட்டியும் போட்டு. ஆனா கோர்ட் வேண்டாம்" என்றாள்.

நான் புணேக்குப் போய்த் தம்பியிடம் பேசினேன். "அண்ணா, உன்னை நியமிச்சதே நான்தான். என்கிட்டேயே வசூலுக்கு வர்றியா?" என்று கத்தினான். சாப்பிடாமலே திரும்பி வந்தேன். பத்து நாள் கழித்து அவனே அக்காவைப் பார்க்க வந்தான். தவணையில் தருகிறேன் என்றான்.

கடனுக்குத் தவணை கொடுக்க டிரஸ்டிக்கு அதிகாரம் உண்டா? இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட டிரஸ்டிகள் சேர்ந்து செயல்பட்டால் தவணை தரலாம், ஈடு பெறலாம், சமரசமும் செய்யலாம் என்கிறது 43-ஆம் பிரிவு. ஒற்றை டிரஸ்டிக்குப் பத்திரமே அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்க வேண்டும். நண்பரின் கையெழுத்து காப்பாற்றியது என்றேனே, அது இதுதான். டெபாசிட்டிலேயே இருந்திருந்தால் என்ன வட்டி வந்திருக்குமோ அதைக் கணக்கிட்டு எழுத்தில் ஒப்பந்தம் செய்தோம். 2022-ல் கடைசித் தவணை வந்தது.

வக்கீலிடம் போகுமுன்

அன்பர்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்துவிட்டுப் போனால் நேரமும் கட்டணமும் மிச்சமாகும்.

1. டிரஸ்ட் பத்திரத்தை முழுமையாக இரண்டு முறை படியுங்கள். நியமனம், அதிகாரம், பயனாளிகள், எப்போது முடிகிறது என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பழைய டிரஸ்டிகளின் இறப்புச் சான்றிதழ், வாரிசு ஆவணம், சொத்துப் பத்திரம், சொசைட்டி ஷேர் சர்டிபிகேட், வங்கிப் பாஸ்புத்தகம், டிரஸ்டின் பான் கார்டு, பழைய வரிக் கணக்கு ஆகியவற்றைத் திரட்டுங்கள். சட்டப்படி சொத்து புதிய டிரஸ்டிக்கு வந்துசேர்ந்தாலும், வங்கியும் சொசைட்டியும் காகிதத்தைப் பார்த்துத்தான் பெயரை மாற்றும்.

3. பொறுப்பேற்ற தேதியன்று என்ன இருந்தது, என்ன இல்லை என்று ஒரு பட்டியல் எழுதி எல்லா டிரஸ்டிகளும் கையெழுத்திடுங்கள். முன்னவர் காலம் எது, நம் காலம் எது என்று காட்டும் கோடு அதுதான்.

4. வரி விஷயத்துக்கு ஆடிட்டரைத் தனியே பாருங்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பத்திரம் தெளிவாகச் சொல்கிறதா, டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து வரி பெரிதும் மாறும். பங்கு நிச்சயமில்லாத டிரஸ்டுக்குப் பொதுவாக உச்ச விகிதம். விலக்குகள் உண்டா என்று கேளுங்கள்.

5. வக்கீல் கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிரஸ்ட் வேலைக்கு முறையாகச் செய்த செலவை டிரஸ்டிலிருந்து எடுத்துக்கொள்ள 32-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. உங்கள் சொந்தத் தவறை மறைக்க வைக்கும் வக்கீலுக்கு அல்ல. பத்திரத்தில் சொல்லியிருந்தாலன்றி உங்கள் உழைப்புக்குச் சம்பளமும் கிடையாது.

6. பயனாளி பெண்ணாகவோ, குழந்தையாகவோ, மாற்றுத்திறனாளியாகவோ இருந்தால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அவருடைய வழக்குக்கு இலவசச் சட்ட உதவி கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள்.

சந்தேகம் வந்தால் நீதிமன்றத்தையே கேட்கலாம்

பலருக்குத் தெரியாத வசதி இது. நிர்வாகத்தில் என்ன செய்வதென்று தெரியாதபோது, வழக்குப் போடாமலே, முதன்மை உரிமையியல் நீதிமன்றத்தில் மனுச் செய்து யோசனை கேட்கலாம். இது 34-ஆம் பிரிவு. உண்மையை ஒளிக்காமல் சொல்லி, நீதிமன்றம் சொன்னபடி நடந்தால், அந்த விஷயத்தில் டிரஸ்டி தன் கடமையைச் செய்ததாகவே கருதப்படுவார். சுருக்கமாகத் தீர்க்க முடியாத பெரிய சிக்கல்களுக்கு மட்டும் இது உதவாது.

எங்கள் பத்திரத்தில் "தகராறு வந்தால் மத்தியஸ்தர் தீர்ப்பே முடிவு" என்று ஒரு வரி இருந்தது. பலருடைய பத்திரத்திலும் இருக்கும். அதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். டிரஸ்ட் சட்டத்துக்கு உட்பட்ட இத்தகைய தகராறுகளைப் பத்திரத்தில் உள்ள மத்தியஸ்த விதியைக் கொண்டு தீர்க்க முடியாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பயனாளிகள் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் அல்லர் என்பது ஒரு காரணம்; டிரஸ்ட் சட்டமே நீதிமன்ற வழியைக் காட்டுகிறது என்பது இன்னொன்று.

நிறைவாக

என் மகன் ஒருநாள், "அந்த ஃப்ளாட்டில் நான் வாடகைக்கு இருக்கலாமா அப்பா?" என்று கேட்டான். நியாயமான வாடகைதான் தருவான். வேண்டாம் என்றேன். அக்காவுக்குச் செலவு குறைந்தால் பின்னால் மிச்சம் வரும் பிள்ளைகளில் நானும் ஒருவன். ஏற்கெனவே அப்படி இருக்கையில், இன்னொரு சந்தேகத்தை வீட்டுக்குள் கூட்டிவர எனக்கு விருப்பமில்லை.

டிரஸ்ட் ஏற்படுத்தியிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பின் யார், அவருக்குப் பின் யார் என்று இரண்டு பெயரையாவது எழுத்தில் குறியுங்கள். பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்லுங்கள். புதிதாகப் பொறுப்பேற்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: யாருக்காக அந்தச் சொத்தோ, அவரிடம் முதலில் கணக்கைக் காட்டுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மாதம் முதல் ஞாயிறன்று அக்கா கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். போன மாதம் மருந்துக் கடை ரசீதில் ஏழு ரூபாய் கூட்டல் பிழை. கண்டுபிடித்தது அவள்தான். முப்பத்து நான்கு வருஷம் கணக்கு எழுதிய என் கண்ணில் அது படவில்லை!