பந்துக்குள் போகாத பிக்காச்சூ

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

தென்காசிப் பக்கம் 2011-ல் ஸோஹோ வந்த பிறகு, கம்ப்யூட்டர் வேலை என்றால் ரயிலேறித்தான் ஆகவேண்டும் என்ற நினைப்பு நம்ம ஊர்களில் தளர்ந்துவிட்டது. பகலில் சம்பளத்துக்கு வேலை, ராத்திரியில் சொந்தக் கேம் என்று இருக்கிற பிள்ளைகள் சிலர் செய்ததை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். வீடியோ கேம் கடை வைத்து, அடுத்தவர் விளையாடுவதைப் பல வருசம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

இப்போது உங்களில் பாதிப்பேர் கேமோடு சேர்த்து யூடியூபில் ஒரு குட்டிக் கார்ட்டூனும் விடுகிறீர்கள். அதை நாலு பேர் ரசித்துவிட்டால் போதும், அதில் வந்த தொப்பி, வசனம், கோமாளி எல்லாம் அடுத்த மாதமே கேமுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தச் சொற்கள்.

1. முதலில் பாக்-லாண்டைத் தேடி விளையாடுங்கள். பாக்-மேன் 1980-ல் வந்தது. வாயைத் திறந்து மூடும் ஒரு மஞ்சள் வட்டம், ஒரு சிக்குப்பாதை, நான்கு பேய்கள், அவ்வளவுதான் ஆட்டம். அமெரிக்காவில் ஹன்னா-பார்பெரா கம்பெனி 1982-ல் அதை டிவிக்குக் கார்ட்டூனாக எடுத்தது. அரைமணி நேரம் கதை ஓட்ட வேண்டுமே, வட்டத்தை வைத்து என்ன செய்வது? அதற்குக் கைகால், தொப்பி, பெண்டாட்டி, பிள்ளை, குடியிருக்க ஒரு ஊர் எல்லாம் கொடுத்தார்கள். 1984-ல் நாம்கோ கம்பெனி அந்தக் கார்ட்டூனைப் பார்த்தே பாக்-லாண்டைச் செய்தது. அதில் பாக்-மேன் தொப்பி போட்டுக்கொண்டு, வீடுகளையும் மரங்களையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகிறான், குதிக்கிறான். சூப்பர் மரியோ பிரதர்ஸ் வருவதற்கு ஒரு வருசம் முந்திய கதை இது. கார்ட்டூனில் இருந்து தொப்பியை மட்டும் எடுத்துப் பழைய சிக்குப்பாதைக்குள் விட்டிருந்தால் இன்று நான் அதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். ஊர் வந்தது, ஊர் வந்ததால் ஓட்டம் வந்தது.

2. கார்ட்டூனில் இருந்து எதை எடுத்தாலும் அதற்குக் கேமில் ஒரு வேலை கொடுங்கள். இதற்குப் போக்கிமான் யெல்லோவை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

போக்கிமானின் முதல் கேம்கள் ஜப்பானில் 1996 பிப்ரவரியில் வந்தன. அவற்றில் பிக்காச்சூ காட்டில் திரிகிற எத்தனையோ பிராணிகளில் ஒன்று. விளையாடுகிறவன் முதலில் தேர்ந்தெடுக்கும் மூன்றில்கூட அது கிடையாது. 1997 ஏப்ரலில் டிவித் தொடர் தொடங்கியபோதுதான் நாயகனின் கூட்டாளியாகப் பிக்காச்சூ வந்தது. பிடித்த பிராணிகளை அடைத்துவைக்கும் பந்துக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிற, கோபம் வந்தால் எஜமானுக்கே ஷாக் கொடுக்கிற பிக்காச்சூ. ஜப்பானே அதன் பின்னால் போனதும், 1998 செப்டம்பரில் கேம் பாய்க்கு யெல்லோவை வெளியிட்டார்கள்.

அதில் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். பிக்காச்சூ பந்துக்குள் போகாமல் உங்கள் பின்னாலேயே நடந்து வரும். திரும்பி நின்று பொத்தானை அழுத்தினால் முகத்தைக் காட்டும். நீங்கள் அதை நடத்துகிற விதத்தைப் பொறுத்து அந்த முகம் மாறும். இடிக்கல்லைக் கொடுத்து ரைச்சூவாக மாற்றப் பார்த்தால் மறுத்துவிடும், டிவியில் மறுத்தது போலவே. டிவியில் அதற்குக் குரல் கொடுத்த இகுயே ஒடானியின் குரலையே அந்தச் சின்னப் பெட்டிக்குள் கரகரப்பாக ஒலிக்க வைத்தார்கள். தொடரில் நாயகனிடம் வந்து சேரும் புல்பசோர், சார்மாண்டர், ஸ்குவர்ட்டல் மூன்றும் வழியில் ஒவ்வொன்றாக உங்களிடமும் வந்து சேரும். தொடரின் வில்லன்களான ராக்கெட் கூட்டத்து ஜெஸ்ஸியும் ஜேம்ஸும் குறுக்கே வந்து வம்பிழுப்பார்கள். டிவி பார்த்த பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு குதூகலம். பார்க்காத பிள்ளைக்கோ, தன் பின்னால் ஒரு பிராணி நடந்து வருகிறது, அதற்குக் கோபம் வருகிறது, சந்தோசம் வருகிறது. அந்தப் பிள்ளைக்கு யாரும் முன்கதை சொல்லத் தேவையில்லை.

3. கார்ட்டூனில் செல்லுபடியான கணக்கு கேமில் உதைக்கும். அதே யெல்லோவில் முதல் பெரிய எதிராளி பிராக். அவனிடம் இருப்பவை ஜியோடூட்டும் ஓனிக்ஸும், இரண்டும் பாறையும் மண்ணும் சேர்ந்த இனம். பிக்காச்சூவின் மின்சாரம் அவற்றிடம் துளியும் பலிக்காது. டிவியில் இதே சண்டையில் தீயணைப்புக் குழாய் திறந்து தண்ணீர் கொட்டி, நனைந்த ஓனிக்ஸ் மீது மின்சாரம் பாய்ந்தது என்று கதை பண்ணி ஒப்பேற்றினார்கள். கேமில் அந்தச் சால்ஜாப்பு எடுபடாது. பத்து வயசுப் பையன் தோற்றுத் தோற்றுக் கடைசியில் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவான். அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? பிராக் இருக்கிற ஊருக்கு முன்னாலேயே, பாறையை அடிக்கத் தெரிந்த மாங்கி என்ற குரங்கைக் காட்டுப்பாதையில் திரியவிட்டார்கள். நிடோரான் என்ற பிராணியும் இரட்டை உதையை முன்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்படி மாற்றினார்கள். எந்த விளம்பரத்திலும் வராத வேலை இது. என்னைக் கேட்டால் அந்தக் கேமிலேயே கெட்டிக்கார வேலை இதுதான். உங்கள் கார்ட்டூனில் இருந்து ஒரு ஆளைக் கேமுக்குள் கொண்டுவந்தால், அவனால் எந்த லெவல் உடைகிறது என்று உட்கார்ந்து விளையாடிப் பாருங்கள். ஒரு தடவை விளையாடினால் தெரியாது. கேம் பக்கமே வராத சித்தப்பா மகனைக் கூப்பிட்டு விளையாட விடுங்கள், நீங்கள் வாயைத் திறக்காமல் பின்னால் நில்லுங்கள்.

4. கார்ட்டூன் பார்க்காதவனை வாசலில் நிறுத்தாதீர்கள். குற்றாலத்துக்குப் போகிறவர்கள் பேரருவியில் குளித்து, பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குற்றாலநாதர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற சித்திரசபை பக்கம் தலையைக் காட்டுகிறவர் குறைவு. நடராசரின் ஐந்து சபைகளில் இது ஒன்று. சிதம்பரத்திலும் மதுரையிலும் திருமேனியாக நின்று ஆடுகிறவர் இங்கே சுவரில் ஓவியமாக ஆடுகிறார். சிதம்பரம் போய் வந்தவனுக்கு அதைப் பார்க்கையில் கூடுதலாக ஒன்று கிடைக்கும். போகாதவனை வெளியே நில் என்று யாரும் சொல்வதில்லை.

சைபர்பங்க் 2077 கேமில் இதைச் சரியாகச் செய்தார்கள். (பெரியவர்களுக்கான கேம்; வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.) 2020 டிசம்பரில் வந்தபோது அது கோளாறு மேல் கோளாறாக இருந்தது, சோனி தன் ஆன்லைன் கடையில் இருந்தே கொஞ்ச மாதம் எடுத்துவிட்டது. 2022 செப்டம்பரில் எட்ஜ்ரன்னர்ஸ் என்ற அனிமே தொடர் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதற்குச் சில நாள் முன்னதாகவே 1.6 என்ற அப்டேட்டில் தொடரின் நாயகன் டேவிட்டின் சட்டையையும், அவன் கூட்டாளி ரெபெக்காவின் துப்பாக்கியையும் கேமுக்குள் வைத்தார்கள். சட்டை ஒரு சின்ன வேலையை முடித்தால் கிடைக்கும். துப்பாக்கி நகரத்தில் ஒரு செடிப்பாத்திக்குள் கிடக்கும். தொடர் பார்த்தவன் அதற்காகவே தேடிப் போவான். பார்க்காதவனுக்கு நல்ல துப்பாக்கி ஒன்று வழியில் கிடைத்தது, சந்தோசம். தொடரைப் பார்த்துவிட்டுப் பழைய ஆட்கள் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள், புது ஆட்களும் சேர்ந்தார்கள்.

5. நம்மூரில் எது முதலில் வந்தது என்பதை மறந்துவிட்டு வெளிநாட்டு வீடியோவில் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். ஜப்பான் பிள்ளைக்குக் கேம் முதலில், டிவி பிறகு. தென்காசிப் பிள்ளைக்குத் தலைகீழ். கேம் பாய் இங்கே யார் வீட்டில் இருந்தது? கார்ட்டூன் நெட்வொர்க்கில் பிக்காச்சூவைப் பார்த்துப் பார்த்து, பிறகுதான் யாரோ கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டுக் காட்டினார்கள். பேரருவியில் தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை போட்ட நாட்களில் வெளியூர்ப் பிள்ளைகள் என் கடையில் வந்து நிரம்புவார்கள் (சீசனில் மழை வலுத்தால் அருவிக்காரர்களுக்கு நட்டம், எனக்கு வரவு). போக்கிமானின் பழைய கேமைப் போட்டுக் கொடுத்தால், பிக்காச்சூ ஏன் என் கூட நடந்து வரவில்லை, இது டூப்ளிகேட்டா என்று கேட்பார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. அவர்களுக்கு டிவியில் பார்த்ததுதான் அசல். சுட்டி டிவி 2007-ல் வந்த பிறகு கார்ட்டூனில் ஜாக்கி சான் தமிழிலேயே பேசுவதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தத் தமிழ்க் குரல்தான் ஜாக்கி சான். சோட்டா பீமும் டிவியில் இருந்துதான் போனுக்குப் போனான். ஆகவே நீங்கள் கார்ட்டூனைச் சுட்டிக் காட்டும்போது, நம்ம ஆட்கள் அதைக் கேமின் வேராகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டுக்காரன் அதையே ஒரு குறும்பாக எடுத்துக்கொள்வான். இரண்டு பேருக்கும் விற்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு பேரையும் உட்கார்த்தி வைத்து விளையாடவிட்டுப் பாருங்கள்.

6. பழைய ஆட்டக்காரனின் சொத்தில் கை வைக்கும்போது யோசியுங்கள். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கேமில் இருந்து 2021-ல் ஆர்கேன் தொடர் வந்தது. தொடரின் அழகில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2024-ல் விக்டர் என்ற பாத்திரத்தின் உருவத்தைத் தொடரில் வந்த மாதிரியே கேமில் மாற்றினார்கள். இரும்பு முகமூடிக்காரனாக வருசக்கணக்கில் அவனை ஆடியவர்கள் வருத்தப்பட்டார்கள். புது உருவத்தைக் கூடுதலாக வையுங்கள், பழையதையும் விட்டுவையுங்கள் என்பதுதான் என் கட்சி. அதற்கு இடம் கூடுதலாகப் பிடிக்கும், வேலை கூடும் என்பதும் தெரியும்.

7. கார்ட்டூனை வேறு ஒருவர் எடுத்தால் அதில் புதிதாகப் பிறக்கும் பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சோனிக் கேமை வைத்து 1993-ல் அமெரிக்க டிவியில் இரண்டு தொடர்கள் ஓடின. அதே வருசம் வந்த சோனிக் ஸ்பின்பாலில் ஒரு தொடரின் நண்பர்கள் சிலர் தலைகாட்டினார்கள். இன்னொரு தொடரின் கோமாளி ரோபோக்களை வைத்து, ஜப்பானின் புயோ புயோ என்ற கேமை மேல்பூச்சு மாற்றி மீன் பீன் மெஷின் என்று விற்றார்கள். அதற்குப் பிறகு வந்த சோனிக் கேம்களில் அந்த ஆட்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். காரணம் எதுவானாலும், உங்கள் ஆட்களுக்கு அந்தக் கதி வேண்டாம்.

8. குரல் கொடுத்தவருக்குக் காசு கொடுங்கள். கார்ட்டூனுக்கு ஒரு தடவை, கேமுக்கு ஒரு தடவை. நண்பன்தானே என்று இழுக்காதீர்கள்.

9. என்னிடம் காட்ட வரும்போது கார்ட்டூன் லிங்க்கை முன்கூட்டி அனுப்பாதீர்கள். கேமை மட்டும் கொண்டுவாருங்கள். நான் கேட்கிற கேள்விகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கார்ட்டூனைப் போடுங்கள், அதற்குப் பிறகும் பதில் கிடைக்காத கேள்விகள் எத்தனை என்று சேர்ந்து எண்ணுவோம். சீசன் சமயம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். குற்றாலம் ரோட்டில் வண்டி நகராது.